ஏழாவது செல் சாகவில்லை

1

உலகில் இதுவரை எழுதப்பட்ட கதைகள் அனைத்தும் பாதிக் கதைகள். மீதிப் பாதியை எழுதியவர்கள் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, போடவே இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்கள். ஒரு வரியைக்கூட ஒளிக்காமல், ஒரு தப்பைக்கூடத் துடைக்காமல், அடித்ததை அடித்தபடியே விட்டு எழுதப்படும் முதல் முழுக்கதை இது. பெருமைக்காகச் சொல்லவில்லை. வரலாற்றுக்காகச் சொல்கிறேன். பின்னால் ஆராய வருகிறவர்கள் நாள் கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்: வெள்ளிக்கிழமை, காலை பத்தே கால்.

பாதியில் கைவிட்ட வாக்கியங்கள் [ இப்படி அடைப்புக்குள் ] அப்படியே கிடக்கும். தடுக்கி விழாமல் வாருங்கள்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருடியது. என் அக்காவிடமிருந்து. இன்று காலை சமையலறையில் ஆறிப்போன காபியைப் பார்த்தபடி நின்றவள், யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:

"ஏழாவது செல் சாகமாட்டேங்குது."

"சாகலைன்னா நல்லதுதானே? பேட்டரி பண்றவங்க அதுக்குத்தானே ராத்திரி பகலா உருள்றீங்க?"

"மத்த பதினஞ்சும் மூணாவது நாளே செத்துப்போச்சு. இது ஒன்பதாவது நாள். ஆயிரம் தடவை ஏத்தி இறக்கியாச்சு. இதுக்கு வயசே ஆகலைடா."

"வாவ். கதை."

"டேய், எழுதாதே."

காபியைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். எழுதாதே என்று அவள் சொன்னது உண்மை. எதையும் ஒளிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் அதையும் எழுதிவிட்டேன்.

2

தொடக்கங்களைத் தேடுகிறேன்.

[அந்த ஆய்வுக்கூடத்தில் யாரோ மூச்சுவிடுவது போல] வேண்டாம். மூச்சுவிட்டது ஏசி.

[உப்பு. கடலிலும் உண்டு, கண்ணீரிலும்] வேண்டவே வேண்டாம். இது எனக்குள் இருக்கும் கல்லூரி ஆண்டுமலர் ஆசிரியர் எழுதியது. அவரைக் கட்டிப்போட்டிருக்கிறேன், கயிறு சரியில்லை.

[விரைவாக மின்னேற்றம் பெறும் சோடியம் அயனி மின்கலங்களுக்கான நேர்மின்முனைப் பொருட்களை மேம்படுத்துதல்] இது அக்காவின் ஆய்வேட்டுத் தலைப்பு. இதைப் படித்துவிட்டு யாரும் அடுத்த வரிக்கு வரமாட்டார்கள். ஆனால் விஷயம் இதுதான். எனவே தியேட்டருக்குப் போவோம்.

உங்கள் போனுக்குள் ஓடுவது லித்தியம். சோடியம் அதன் தடித்த அண்ணன். உப்பில் இருக்கிறது, ஊரெல்லாம் கிடைக்கிறது, உடம்புதான் பெரிது. பேட்டரியின் கூட்டல் குறிப் பக்கத்தை, அதாவது கேத்தோடை, அடுக்குமாடித் தியேட்டராக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடியிலும் சோடியம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் ஏற்றுவது என்றால் எல்லோரையும் வெளியே அனுப்புவது. இறக்குவது என்றால் அவர்கள் திரும்பி வந்து உட்காருவது. ஒரு மணி நேரம் கொடுத்தால் மரியாதையாகப் போய் வருவார்கள். ஆறு நிமிடத்தில் காலி பண்ணு என்றால் முட்டி மோதி, சுவரை இடித்து, மாடியையே நழுவ வைத்துவிட்டுத்தான் போவார்கள். முந்நூறு தடவையில் விரிசல். நூறு பேர் உட்கார்ந்த இடத்தில் எண்பது பேருக்குத்தான் இடம் என்று ஆனதும் அந்த செல் செத்தது என்று எழுதிவிடுவார்கள்.

அக்காவின் ஆறு வருட யோசனை இது: சில இருக்கைகளில் எழுந்திருக்கவே எழுந்திருக்காத ஆட்களை உட்கார வைப்பது. கால்சியம். எல்லோரும் வெளியேறிய பிறகும், காலித் தியேட்டரில் அது மட்டும் உட்கார்ந்து மேல்மாடியைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

(இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "சயின்ஸ் பரவாயில்ல" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தக் கடைசி வரியை எடுத்துடேன், என்னமோ போல இருக்கு" என்றாள். எடுக்கவில்லை. முதல் பகுதியைப் பார்க்கவும்.)

3

இனி அக்காவோடு போகலாம். அவள் சொன்னவற்றிலிருந்து எழுதுகிறேன்.

பதினாறு செல்களையும் அவள் ஒரே பகலில் செய்தாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை. கறுப்புக் கூழை அலுமினியத் தாளில் ஒரு பக்கம் மட்டும் தடவி, காயவைத்து, வட்டம் வட்டமாக வெட்டினாள்: கறுப்புத் தட்டு பதினாறு. எதுவும் தடவாத வெறும் அலுமினியத்தில் நாலு. அந்த நாலும் செல்லுக்குள் போகாது. வெறும் தாளின் எடை தெரிவதற்காக மட்டும்.

முறைப்படி ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். இந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதினாறையும் மொத்தமாகத் தராசில் கொட்டி, பதினாறால் வகுத்துவிடுவார்கள். அக்காவுக்கு முந்தியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். அக்காவும் செய்தாள்.

பிறகு குளோவ் பாக்ஸ். காற்றும் ஈரமும் புகாத கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஆர்கான் வாயு நிறைத்திருப்பார்கள். அதன் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு சொட்டு அதிகம் என்பதால், யாரும் கை நுழைக்காத நேரங்களில் அதன் இரண்டு கறுப்பு ரப்பர்க் கைகளும் அறையை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். விரல்கள் விரிந்து, உள்ளே ஒரு ஆள் நின்று எதையோ கேட்பது போல. ஆறு வருடமாக அக்கா அந்த அறையில் வேலை செய்கிறாள். அதற்கு முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்ததில்லை. காரணம் கேட்டால் நாற்காலி வசதி என்பாள்.

அந்தக் கைகளுக்குள் கையை விட்டு அடுக்கினாள். முதலில் சோடியம். மேலே ஈரமான ஒரு வெள்ளைத் தாள். அதற்கு மேல் தட்டு, கறுப்பு முகம் கீழே பார்க்க. மேலிருந்து பார்க்கிறவளுக்கு அலுமினிய முதுகு மட்டும்தான் தெரியும். மூடி. ஒரு அழுத்து. அடுத்தது.

பதினாறையும், சார்ஜ் ஏற்றி இறக்கி அளக்கும் மெஷினின் பதினாறு வாய்களில் மாட்டினாள். ஆறு நிமிடம் ஏற்றம், ஆறு நிமிடம் இறக்கம். திரையில் பதினாறு கோடுகள் மலை மலையாக ஏறி இறங்கின. மூன்றாம் நாள் பதினைந்து மலைகள் குள்ளமாகி, ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. ஏழு அப்படியே நின்றது.

ஒன்பதாம் நாள் அவள் ஏழாவது செல்லின் முதல் மலையையும் ஆயிரமாவது மலையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அச்செடுத்தாள். தாளில் ஒரு கோடுதான் வந்தது. பிரிண்டர் ஒன்றை விட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி எடுத்தாள். மறுபடியும் ஒன்றுதான். எண்களைப் பார்த்தாள். நாலாவது தசம இலக்கம் வரை ஒன்றே.

வயதாகிற எதுவும் அப்படி இருக்காது. அவள் அந்தத் தாளை மடித்து, பைக்குள் வைத்து, பிறகு எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். வீட்டுக்குக் கொண்டுவர விருப்பமில்லை.

4

இப்போது வில்லன் வர வேண்டும். அக்காவின் வழிகாட்டிப் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஆறு நிமிஷம். எந்த மேடை ஏறினாலும் "ஆறே நிமிஷத்துல வண்டி ஃபுல் சார்ஜ்" என்று ஆரம்பித்து, அதைச் சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வார்.

[அவருடைய கண்கள் பேராசையில் மின்ன] மின்னவில்லை. அவருக்குத் தூசு ஒத்துக்கொள்ளாது, கண்ணில் எப்போதும் நீர் வடியும். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜன்னல் உள்ள தன் அறையை அக்காவுக்கு எழுத விட்டுக்கொடுத்து, தான் கிடங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரை எப்படி வில்லனாக்குவது? அவராக ஒத்துழைத்தால்தான் உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கொஞ்சம் ஒத்துழைத்தார்.

"தீசிஸ்ல ஏழாவதை மட்டும் போடும்மா. மத்த பதினஞ்சும் செய்முறைப் பிழைன்னு விட்டுடு."

"சார், பதினாறுல பதினஞ்சு ஒரே மாதிரி செத்திருக்கு. பிழை அந்தப் பதினஞ்சா, இந்த ஒண்ணா?"

"நல்லா ஓடுறது எப்படிம்மா பிழையாகும்? என்ன பேச்சு பேசறே."

"திறந்து பார்த்துடட்டுமா?"

அவர் கண்ணைத் துடைப்பதை நிறுத்தினார். திறந்த செல்லை மறுபடி மூட முடியாது. திறப்பது என்றால் கொல்வது.

"ஓடுற செல்லைத் திறக்கறதா? தூங்குற குழந்தையை உலுக்கி எழுப்பி, தூங்கறியான்னு கேட்பியா நீ?"

"தூங்குதான்னே தெரியலை சார்."

"வியாழக்கிழமை கமிட்டி வருது. அதுவரைக்கும் அது பாட்டுக்கு ஓடட்டும்."

5

சனிக்கிழமை அக்கா குளோவ் பாக்ஸைச் சுத்தம் செய்தாள். மூலையில் சின்னக் கண்ணாடிப் புட்டி. மீந்த தட்டுகள். நாலு இருக்க வேண்டும், நாலு இருந்தது. மேலாகத் தெரிந்ததெல்லாம் வெறும் அலுமினியம். சும்மா ஒரு பழக்கத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். வெறுமை. வெறுமை. வெறுமை.

கறுப்பு.

ரப்பர்க் கைகளுக்குள் அவள் விரல்கள் நின்றன. ஒரு கறுப்புத் தட்டு இங்கே மீந்திருக்கிறது என்றால், அதற்குப் பதிலாக ஒரு வெறும் தட்டு ஏதோ ஒரு செல்லுக்குள் போயிருக்கிறது. முதுகைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மொத்தமாக நிறுத்ததால் தராசும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆனால் வெறும் அலுமினியம் உள்ள செல் முதல் நிமிடத்திலேயே கையை விரித்துவிடும். அங்கே தியேட்டரே கிடையாது. பதினாறும் ஓடியிருக்கின்றன.

செத்த பதினைந்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். செத்ததைத் திறக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பதினைந்திலும் கறுப்பு. விரிசல் விட்ட, உதிர்கிற, யோக்கியமான கறுப்பு.

மெஷினைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் லேப் அண்ணன் என்பார்கள். அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தப் பெட்டிக்குள்ள வேற யாராவது கை விட்டாங்களா?"

"அதுலயா? யாரு விடுவா. எனக்கெல்லாம் அதுக்குள்ள கையை விட்டா, உள்ள ஏற்கெனவே ஒரு கை இருக்கற மாதிரியே இருக்கும். சிரிக்காதீங்க."

அக்கா சிரிக்கவில்லை. இருவரும் திரையைப் பார்த்தார்கள். ஏழு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே மாடி இல்லை, இருக்கை இல்லை, ஆட்கள் இல்லை. பிறகு யார் போகிறார்கள், யார் வருகிறார்கள்?

"ஒருவேளை மெஷின் தப்பா காட்டுதோ?" என்றார் அண்ணன், ஆறுதலாக.

அது ஆறுதல் இல்லை என்று அவருக்குத் தெரியாது. அக்கா ஆறு வருடமாக அளந்த ஒவ்வொரு எண்ணும் அந்த மெஷின் சொன்னது.

6

ஞாயிற்றுக்கிழமை. வீடு. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் மேசை மேல் கிடந்தது. கேட்காமல் படித்தேன். 'பதினைந்து செல்கள் சோதிக்கப்பட்டன.'

"அக்கா, பதினாறு செஞ்சேன்னு சொன்னே?"

"பதினஞ்சு."

"ஏழு எங்கே?"

"எட்டைத்தான் ஏழுன்னு மாத்தியிருக்கேன். ஒன்பது எட்டு. அப்படியே கடைசி வரைக்கும்."

இந்த வாய்ப்பை நான் விடவில்லை. வரிசையாக எழுதுகிறேன், எதையும் ஒளிப்பதில்லையே. குடும்ப போட்டோவில் பிடிக்காத சித்தப்பாவை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கிற ஆள் நீ என்றேன். வெட்டின இடத்தில் சித்தப்பாவின் கை மட்டும் உன் தோளில் கிடக்குமே, அதை என்ன செய்வாய் என்றேன். கேவலம் கதை எழுதுகிற நானே அடித்த வரியைக்கூட மறைப்பதில்லை, நீ விஞ்ஞானி, வெட்கமாக இல்லையா என்றேன். அம்மா உள்ளேயிருந்து, "அவளைச் சாப்பிட விடுடா" என்றாள். விடாமல், அக்காவைப் பார்த்துக் கிண்டலாக எழுந்து நின்று கைதட்டினேன்.

அக்கா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"பதினஞ்சு செல் முந்நூறு தடவையில செத்துச்சுன்னு எழுதினா, அது சுமாரான தீசிஸ். ஆனா என்னோடது. ஏழையும் சேர்த்தா யாரோடதுன்னே எனக்குத் தெரியலை."

"திறந்து பார்த்தா தெரிஞ்சுடுமே."

"தெரிஞ்சு? உள்ள வெறும் தகடு இருந்து, அது ஓடிச்சுன்னா? இத்தனை வருஷம் நான் என்னத்தைடா அளந்தேன்?"

"பயமா?"

இந்த ஒரு சொல்லை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்தாள். "நாளைக்கு மத்தியானம் லேப்புக்கு வா. சார் இருக்க மாட்டார். நீயே சாட்சியா நில்லு."

7

போகும் வழியில் பஸ்ஸிலேயே மூன்று முடிவுகள் தயார் செய்துவிட்டேன்.

முடிவு ஒன்று: உள்ளே கறுப்பு. விரிசல் இல்லை. எழுந்திருக்காத ஆட்கள் மாடியைத் தாங்கிவிட்டார்கள். அக்கா அழுகிறாள், ஆறு நிமிஷம் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறார்.

முடிவு இரண்டு: உள்ளே வெறும் அலுமினியம்.

முடிவு மூன்று: உள்ளே [ஒன்றுமே] சீ, மலிவு.

நல்ல வெயில். அறைக்குள் மூன்று ட்யூப்லைட்டும் எரிந்தன. பேய்க்கதைக்கு இதைவிட மோசமான வெளிச்சம் கிடையாது. ரப்பர்க் கைகள் என்னைப் பார்த்து நீண்டிருந்தன. மரியாதைக்கு ஒரு வணக்கம் வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

லேப் அண்ணன் மெஷின் பக்கத்தில் நின்றார். அக்கா ஏழாவது வாயிலிருந்து செல்லைக் கழற்றினாள். கழற்றினால் திரையில் சிவப்பு எழுத்தில் மெஷின் கத்த வேண்டும். கத்தவில்லை. கவ்வ ஒன்றுமில்லாமல் ஏழாவது வாய் காற்றில் தொங்கியது. திரையில் ஏழாவது கோடு ஏறிக்கொண்டிருந்தது.

"சில சமயம் ஸ்க்ரீன் லேட்டா நிக்கும் தம்பி" என்றார் அண்ணன்.

நின்று பார்த்தோம். கோடு உச்சிக்குப் போயிற்று. திரும்பியது. அதே சரிவில் இறங்கி, அடியைத் தொட்டு, அப்புறம்தான் நின்றது. அண்ணன் மெஷினின் பின்பக்கம் போய் மின்சார ஒயரைப் பிடுங்கினார். பிறகு அறையைவிட்டே போனார்.

அக்கா செல்லைப் பெட்டிக்குள் அனுப்பி, கைகளை நுழைத்தாள். குறடு ஒன்றை எடுத்து விளிம்பை நெளித்தாள். மூடி வந்தது. இடுக்கியால் தட்டைத் தூக்கி, என் பக்கம் பார்க்காமல், மெதுவாகத் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பாரு" என்றாள்.

கண்ணாடியில் நெற்றி இடிக்கக் குனிந்து பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்பதை அடுத்த பகுதியில் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

8

புதன்கிழமை. ஆய்வேடு அச்சாகி வந்துவிட்டது. அக்கா அதை என் மேசையில் வைத்து, கடைசி அத்தியாயத்தைத் திறந்து காட்டினாள். பதினாறு செல்கள். எதையும் வெட்டவில்லை. ஏழு ஏழாகவே இருந்தது.

'ஏழாவது செல் 1,400 சுற்றுகளுக்கு மேல் இயங்கிய பின் திறக்கப்பட்டது. நேர்மின்முனையில் கறுப்புப் பூச்சு முழுமையாக இருந்தது, விரிசல் காணப்படவில்லை.'

"நீ சொன்னது சரிடா. மறைக்காம எழுதிட்டேன். இப்பத்தான் நிம்மதியா இருக்கு."

"அந்தப் புட்டியில மீந்த கறுப்புத் தட்டு?"

"பதினேழு வெட்டியிருப்பேன். எண்ணறப்ப தப்பாயிருக்கும்."

"வெறும் தட்டு நாலு இருக்கணும், மூணுதானே இருந்துச்சு?"

"அதுவும்தான்."

"ஏழோட தட்டை நான் இன்னொரு தரம் பார்க்கலாமா?"

"சோதனைக்குன்னு அமிலத்துல கரைச்சாச்சு."

"கரைச்சதுல என்ன வந்துச்சு?"

"சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

[ட்யூப்லைட் வெளிச்சம் அதில் பட்டு,]

அவள் அழகாக இருந்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு தலை வாரியிருந்தாள். அட்டையின் மேல் அவள் பெயர் பொன்னிற எழுத்தில் இருந்தது. அதை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, கதவு வரை போனவள், திரும்பாமலே கேட்டாள்.

"நீயும் பார்த்தேல்ல? கறுப்பாத்தானே இருந்துச்சு?"

கேட்ட குரலில் சந்தேகம் ஒரு துளியும் இல்லை. அதுதான் என்னை உட்கார வைத்தது. பொய் சொல்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், கல்லூரி நாட்களில் பொய்க்கு நானே வகுப்பு எடுத்தவன். அவள் பொய் சொல்லவில்லை. அவள் பார்த்ததைச் சொன்னாள்.

முடிவு உங்களுடையது. அந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதுவே முடிவு. உங்களுக்கும் ஓர் அக்கா இருந்தால் அதிகம் யோசிக்க மாட்டீர்கள்.

நான் "ம்" என்றேன்.

அவள் போன பிறகு கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் எழுதிய மூன்று பக்கங்களை உருவி, நாலாக மடித்து, கிழித்தேன். இந்தப் பகுதியின் தலையில் இருந்த ஒன்பதைச் சுரண்டிவிட்டு எட்டு என்று எழுதினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சுரண்டிய தடம் தெரியவில்லை.